செருகினால் போதுமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அடுத்த இதழுக்கான கடைசிப் பக்கத்தையும் அச்சுக்கு அனுப்பிவிட்டு, மின்சார ரயிலில் செங்கற்பட்டு வந்து சேர்ந்து, 'அப்பாடா' என்று காலை நீட்டி உட்கார்ந்தேன். டெலிபோன் மணி அடித்தது. மாமல்லபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் கல்லூரிச் சிநேகிதி பேசினாள்.

"நாளைக் காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வாடி. எங்கள் மாமாவின் பதினோரு வருஷ உழைப்பு ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது."

"என்ன பெட்டி? சாவி தொலைந்துவிட்டதா?"

"சாவியே இல்லாத பெட்டி. லாப்டாப்போடு இணைக்கிற ஹார்ட் டிஸ்க். இணைத்தால் இரண்டு நிமிஷம் தெரிகிறது. அப்புறம் மாயமாய் மறைந்துவிடுகிறது. கடைக்காரப் பையன் 'பார்மட் பண்ணிவிட்டால் சரியாகிவிடும்' என்கிறான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'பார்மட்' என்றால் என்ன தெரியுமோ? வீட்டில் எலி புகுந்துவிட்டது என்பதற்காக வீட்டையே கொளுத்துகிற வைத்தியம் அது. "நான் வரும்வரை அதை யாரும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தால்தானே!

சனிக்கிழமை விடியற்காலை பஸ். கொளவாய் ஏரி, திருக்கழுக்குன்றத்து மலை எல்லாம் வழக்கம்போல் அழகாகத்தான் இருந்திருக்கும். அன்று எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. முப்பது கிலோ மீட்டர் தூரத்தையும் மனக்கணக்குப் போட்டபடியே கடந்தேன்.

சிநேகிதியின் மாமனார் சிற்பி. 1957-ல் அரசாங்கம் மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக வளர்ந்திருக்கிறதே, அங்கே படித்தவர். கல்லில் உளி வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு விக்கிரகத்தையும் தாளம், அங்குலம் என்று அளவு குறித்துக் காகிதத்தில் வரைந்துவிடுவார். பதினோரு வருஷங்களாக மருமகள் அந்தக் காகிதங்களைப் பொறுமையாகப் படம் பிடித்து டிஸ்கில் சேர்த்து வந்தாள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்ததே, அப்போது பட்டறையின் கூரை ஒழுகி, காகிதக் கட்டுகள் பாதிக்கு மேல் கூழாகிவிட்டன. "போனால் போகிறது, டிஸ்கில் இருக்கிறதே!" என்று அன்றைக்கு எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இப்போது அந்த டிஸ்குக்கே ஆபத்து. வெளியூரில் ஒரு கோயில் திருப்பணிக்காகத் திங்கட்கிழமைக்குள் துவாரபாலகர் படங்களை அனுப்பியாக வேண்டும்.

வாசலில் காலை வைத்ததுமே அவளுடைய மாமியார், "வாம்மா, முதலில் காப்பி சாப்பிடு. அப்புறம் அந்தச் சனியனைப் பார்க்கலாம்" என்றார். காப்பி வந்தது. சனியனும் வந்தது.

உறவினர் கூட்டம்

மேஜையைப் பார்த்தேன். போன வருஷம் வாங்கிய மெல்லிய லாப்டாப். இடது பக்கத்தில் ஒரு டைப்-சி துளை, வலது பக்கத்தில் ஒன்று, அவ்வளவுதான். மெல்லியதாக இருந்தால்தான் நாகரிகம் என்று தீர்மானித்துத் துளைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள்! ஆகவே எல்லோரும் 'ஹப்' என்கிற சிறு பெட்டியை வாங்கிச் செருகிக்கொள்கிறோம். ஒரு துளையில் இதைச் செருகினால் பல துளைகள் கிடைக்கும். இந்த வீட்டு ஹப்பில் பெரிய திரை, விசைப்பலகை, மௌஸின் குட்டித் துண்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. கல்யாண வீட்டில் ஒரே அறையில் எல்லா உறவினரும் படுத்திருப்பார்களே, அந்த மாதிரி.

லாப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்து, பிறகு உலகமெல்லாம் சேர்ந்து வளர்த்த இயக்கு தளம். விலை கிடையாது, உள்ளே இருக்கிற எழுத்தை யாரும் படிக்கலாம், திருத்தலாம். சிநேகிதியின் கணவர், "இலவசமாக வந்ததை நம்பினால் இப்படித்தான். பேசாமல் வேறே லாப்டாப் வாங்கிவிடலாம்" என்றார். கடைக்காரர் கட்சி வேறு: "மதர்போர்டு போய்விட்டது, பதினெட்டாயிரம் ஆகும்" என்று சொல்லியிருந்தாராம். பையன் டிஸ்க் மேல் பழி போடுகிறான், முதலாளி போர்டு மேல் பழி போடுகிறார், வீட்டுக்காரர் லினக்ஸ் மேல் பழி போடுகிறார். ஒருவராவது கம்ப்யூட்டரைக் கேட்டுப் பார்த்தாரா என்றால், இல்லை!

லினக்ஸ் எங்கள் இருவருக்கும் புதிதல்ல. 2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லாப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த வருஷம் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. அதில் விண்டோஸுடன் 'பாஸ்' என்கிற லினக்ஸும் இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது அது. விண்டோஸில் வைரஸ் புகுந்து பென் டிரைவெல்லாம் கெட்டுப்போன காலத்தில், விடுதியில் நாங்கள் இருவரும் பாஸ் பக்கம் ஒதுங்கினோம். பிறகு அதிலேயே தங்கிவிட்டோம்.

"உன் பழைய லாப்டாப் எங்கே?" என்று கேட்டேன்.

"பரண்மேல் கிடக்கிறது. பாட்டரி செத்து நாலு வருஷம் ஆயிற்று."

"கரண்ட் இருக்கிறதல்லவா? இறக்கு."

முதலில் உயிர், பிறகு வியாதி

இங்கே ஒரு விஷயத்தைச் சகோதரிகள் கவனிக்க வேண்டும். இணைப்பு விட்டு விட்டு வருகிற டிஸ்கை வைத்துக்கொண்டு பரீட்சை பண்ணக்கூடாது. ஒவ்வொரு தடவை அது அறுந்துபோகும்போதும் உள்ளே எழுதிக்கொண்டிருந்தது அரைகுறையாக நிற்கும். பொருள் விலைமதிப்பற்றதானால், சந்தேகம் இல்லாத வேறொரு யந்திரத்தில் நேராகச் செருகி, எதையும் எழுதாமல், படிக்க மட்டும் திறந்து, பிரதி எடுத்துக்கொள்வதுதான் முதல் காரியம். லினக்ஸில் 'படிக்க மட்டும்' என்று சொல்லியே டிஸ்கைத் திறக்கலாம்.

பரணிலிருந்து இறங்கிய லாப்டாப்பில் தூசியைத் தட்டினோம். நல்ல வேளையாக உயிர் வந்தது. பழைய அகலத் துளையில் டிஸ்கைச் செருகினேன். 'ர்ர்ர்' என்று சுழன்றது. கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. அறுபது ஜி.பி.க்குச் சற்றுக் குறைவு. பழைய துளையின் வேகம் கொஞ்சந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிற்று. அவ்வளவு நேரமும் பெரியவர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?

பிரதி முடிந்தது. ஆனால் முழுச் சந்தோஷமில்லை. கடைசி வாரம் சேர்த்த பதினான்கு படங்கள் திறக்கவில்லை. பெயர் இருந்தது, அளவு பூஜ்யம். 'காப்பி முடிந்தது' என்று திரை சொன்னதை நம்பி, அடுத்த நிமிஷமே ஒயரைப் பிடுங்கியிருக்கிறாள் என் சிநேகிதி. சொன்னது பொய்யில்லை, ஆனால் அரை உண்மை. எழுத வேண்டியதை முதலில் தன் ஞாபகத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு சாவகாசமாக டிஸ்குக்கு அனுப்புவது இயக்கு தளத்தின் வழக்கம். அதற்காகத்தான் பெயருக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய சிறு முக்கோணம் இருக்கிறது. அதை அழுத்தி, 'இனி எடுக்கலாம்' என்று அது சொன்ன பிறகே எடுக்க வேண்டும்.

பதினான்கில் மூன்று, அவள் கைபேசியில் இன்னும் அழியாமல் இருந்தன. மற்றப் பதினொன்றும் போனவைதான். அவள் முகம் சிறுத்துப்போயிற்று. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது எனக்கு.

கேட்டால் சொல்லும்

இனி வியாதிக்கு வருவோம். பரீட்சைக்கு டிஸ்க் வேண்டாம் என்று என் பையிலிருந்த நல்ல வேகமான பென் டிரைவை எடுத்துக்கொண்டேன்.

லினக்ஸில் எனக்குப் பிடித்த குணம், அது எதையும் ஒளிப்பதில்லை. 'டி, எம், இ, எஸ், ஜி' என்ற ஐந்து எழுத்துக்களை ஒட்டி எழுதி, இடைவெளி விட்டு ஒரு கோடும் 'டபிள்யூ' என்ற எழுத்தும் சேர்த்து, முன்னால் 'சூடோ' போட்டுத் தட்டினால், யந்திரத்தின் நாட்குறிப்பு கண்ணெதிரே ஓடத் தொடங்கும். ஒன்றைச் செருகினால் 'இன்ன துளையில் இன்னார் வந்தார்' என்று ஒரு வரி. அறுந்தால் 'போய்விட்டார்' என்று ஒரு வரி. பேச்சு நடுவில் குழறினால் 'பிழை மைனஸ் 71' என்று ஒரு வரி. பதிலே வராமல் காத்துக் காத்து அலுத்துப்போனால் 'மைனஸ் 110'. இந்த இரண்டு எண்களையும் பார்த்தால் மென்பொருளைச் சந்தேகிக்கு முன் ஒயரையும் துளையையும் மின்சாரத்தையும் சந்தேகியுங்கள்.

இடது துளையில் ஹப்பைச் செருகி, ஹப்பில் பென் டிரைவைச் செருகினேன். வந்தார். சற்றே ஹப்பின் ஒயரை விரலால் தொட்டேன். போய்விட்டார். மைனஸ் 71. மறுபடியும் வந்தார். "அடடே, நேற்று ராத்திரி முழுக்க இதே கூத்துதான்!" என்றாள் சிநேகிதி.

இரண்டாவது கட்டளை, 'எல், எஸ், யு, எஸ், பி'. இதற்குப் பின்னால் இடைவெளி விட்டு ஒரு கோடும் 'டி' எழுத்தும் போட்டால், எல்லா இணைப்புகளையும் வம்ச விருட்சம் மாதிரி கிளை கிளையாய்க் காட்டும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் வேகம் இருக்கும். 12 என்றாலும் ஒன்றரை என்றாலும் மௌஸ், விசைப்பலகை போன்ற மெதுவான ஆசாமிகள்; கவலையில்லை. 480 என்றால் 2000-ல் வந்த யு.எஸ்.பி. இரண்டாம் பதிப்பு. 5000 என்றால் 2008-ல் வந்த மூன்றாம் பதிப்பு. என் பென் டிரைவ் மூன்றாம் பதிப்பைச் சேர்ந்தது. அது 5000-ல் நிற்க வேண்டும். மரத்தைப் பார்த்தேன். 480!

ஏன் இப்படி? இதைப் புரிந்துகொள்ள டைப்-சி முனையின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

யு.எஸ்.பி. என்கிற இணைப்பு முறையை வகுத்தவர்களில் முக்கியமானவர் அஜய் பட். வடோதராவில் பிறந்து, அங்கேயே படித்து, அமெரிக்காவில் இன்டெல் கம்பெனியில் சேர்ந்தவர். அந்த நாளில் அச்சு யந்திரத்துக்கு ஒரு துளை, மௌஸுக்கு ஒரு துளை, மோடத்துக்கு ஒரு துளை. வீட்டிலே அச்சு யந்திரத்தை இணைக்கப் பட்ட அவஸ்தைதான் இந்த யோசனைக்குத் தூண்டுதல் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1996-ல் முதல் பதிப்பு வந்தது. எப்படிச் செருகினாலும் முதல் தடவை சேராமல், புரட்டிச் செருகி, அதுவும் சேராமல், மறுபடி புரட்டுகிற அந்தத் தட்டை முனையை நினைவிருக்கிறதல்லவா? இருபுறமும் செருகுகிற மாதிரி செய்திருந்தால் ஒயர்கள் கூடிச் செலவு ஏறியிருக்கும் என்பது அவர் சொன்ன சமாதானம். பதினெட்டு வருஷம் கழித்து, 2014-ல், அந்தக் குறையைத் தீர்க்க டைப்-சி வந்தது. பழைய தட்டை முனையில் நாலே நாலு தொடுமுனைகள். இதில் இருபத்து நாலு!

இருபத்து நாலும் இருபுறத்துக்குமாகப் பங்கிடப்பட்டிருக்கின்றன. துளையின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது. ஒருபுறமாகச் செருகினால் அதன் மேலும் கீழும் உள்ள சில தொடுமுனைகள் வழியாக வேகமான பேச்சு நடக்கும்; புரட்டிச் செருகினால் வேறு சில வழியாக. வேகப் பாதை கெட்டுப்போனால் கம்ப்யூட்டர் சும்மா இருந்துவிடுவதில்லை. பழைய மெதுவான பாதையில் இறங்கி, 480-ல் காரியத்தை நடத்திவிடுகிறது. பெரிய ரோட்டில் வெள்ளம் வந்தால் பஸ் கிராமத்து வழியாகச் சுற்றிப்போகும் அல்லவா? பிரயாணிக்கு 'ஏதோ இன்றைக்கு மெதுவாகப் போகிறது' என்பதற்குமேல் ஒன்றும் தெரியாது.

ஆகவே ஹப்பின் முனையைப் புரட்டிச் செருகினேன். மரத்தைப் பார்த்தேன். 5000! பழையபடி புரட்டினேன். 480. மறுபடி புரட்டினேன். 5000. சிநேகிதியின் கணவர் அதுவரை வாசல் தூணில் சாய்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஹப்பிலே கோளாறு, இல்லையா?" என்றார்.

"அதையும் பார்த்துவிடலாம்." வலது துளையில் அதே ஹப்பைச் செருகினேன். 5000. புரட்டினேன். அதிலும் 5000. ஒயரை ஆட்டினேன், அசையவில்லை. ஹப்பின் மேல் குற்றமிருந்தால் வலது பக்கத்திலும் சண்டித்தனம் செய்திருக்க வேண்டும். குற்றவாளி லாப்டாப்பின் இடது துளை. அதிலும் சில தொடுமுனைகள்தாம். லினக்ஸும் நிரபராதி, டிஸ்கும் நிரபராதி.

லினக்ஸை நிரபராதி என்று நான் சொல்வது அபிமானத்தால் அல்ல. யு.எஸ்.பி. மூன்றாம் பதிப்பை உலகத்தில் முதன்முதலாக ஏற்றுக்கொண்ட இயக்கு தளமே அதுதான். இன்டெல்லில் பணியாற்றிய ஸேஜ் ஷார்ப் எழுதிய நிரல், 2009 செப்டம்பரில் வெளிவந்த லினக்ஸ் பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. பழக்கத்துக்குப் பஞ்சமில்லை.

கோயிலைத் தின்னும் உப்பு

"அப்படியானால் வலது பக்கத்திலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் அதைத்தான் கேட்டாள். வலது துளையில் பெரிய திரை வருவதில்லை. எல்லா டைப்-சி துளையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்; ஆனால் திரைக்குப் படம் அனுப்புகிற வித்தை சிலவற்றுக்குத்தான் தெரியும். துளைக்குப் பக்கத்தில் 'டி'யும் 'பி'யும் பின்னிய சிறு சின்னமோ, மின்னல் சின்னமோ இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்வது நல்லது. இந்த லாப்டாப்பில் இடது பக்கம் மட்டுந்தான் அந்தச் சின்னம். திரை இல்லாவிட்டால் பெரியவருக்குக் கோடுகள் தெரியாது. ஆகவே இடது துளையைக் குணப்படுத்தியே தீரவேண்டும்.

டார்ச்சு அடித்துப் பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் பச்சையாக என்னவோ தெரிந்தது. கூடவே பஞ்சுத் தூசி.

"என்னம்மா அது?" என்று மாமியார் எட்டிப் பார்த்தார்.

"களிம்பு, அம்மா. விளக்கிலே பிடிக்குமே, அதேதான்."

"குத்துவிளக்கை மூணு நாள் துலக்காவிட்டால் இந்த ஊரில் பச்சை பூத்துவிடும். இதுக்கும் அப்படித்தானா?" என்றார். கடைக்காரருக்கும் அவர் பையனுக்கும் எட்டாத ரகசியம் இந்த அம்மாள் வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

கடற்காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் மிதந்து வருகிறது. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் தினமும் பார்ப்பதுதானே? தொடுமுனையின்மேல் பூசிய தங்கம் மிக மெல்லியது. அடிக்கடி செருகி எடுப்பதில் அது தேய்ந்த இடத்தில், உப்பு நீர் அடியில் உள்ள செம்பைப் பிடித்துக்கொள்கிறது. மின்சாரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். இவர்கள் மேஜையோ, கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே கிடந்தது.

இந்த ஊரின் பரம சத்துருவே உப்புத்தான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் முகம் மழுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லுக்குள் உப்பு நீர் புகுந்து, காய்ந்து, பொரிந்து, மேற்பரப்பை உதிர்க்கிறது. தொல்பொருள் துறையார் அதற்கு வைத்தியம் செய்து வருகிறார்கள். காகிதக் கூழை நல்ல தண்ணீரில் குழைத்துக் கல்லின்மேல் அப்புகிறார்கள். கூழ் காயும்போது கல்லிலுள்ள உப்பை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு உரித்தெடுத்துவிடுகிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு, அலையைத் தடுக்கக் கற்கரை எல்லாம் உண்டு. கருங்கல்லுக்கே இந்தக் கதி என்றால், நகக்கண் அளவுத் துளைக்கு என்ன கதி?

காகிதக் கூழ் நமக்கு உதவாது. லாப்டாப்பை முழுவதும் அணைத்தேன், சார்ஜரையும் எடுத்துவிட்டேன். பல் குத்தும் மரக்குச்சியின் முனையைப் பிளேடால் தட்டையாகச் சீவி, முதலில் பஞ்சுத் தூசியை மெதுவாக நெருடி எடுத்தேன். குண்டூசி, ஹேர்பின் இவைகளைக் கிட்டவே கொண்டுபோகக்கூடாது. நாக்கு ஒடிந்தால் கடைக்காரர் சொன்ன பதினெட்டாயிரம் உண்மையாகிவிடும். பிறகு மருந்துக் கடையில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்து, உதறி, நாக்கின் இருபுறமும் துலக்கினேன். கை கழுவுகிற சானிடைஸர் இதற்கு ஆகாது. அதில் வேறு பசைகளும் கலந்திருக்கின்றன. ஹப்பின் முனைக்கும் அதே ஸ்நானம். அரை மணி உலரவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். வாழைக்காய் வறுவலும் பூண்டு ரசமும். ரசத்தைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்; ஆசிரியர் இடம் தரமாட்டார்.

உலர்ந்தபின் செருகினேன். 5000. புரட்டினேன். 5000! ஒயரை ஆட்டினேன். நாட்குறிப்பில் ஒரு வரிகூட வரவில்லை.

மிச்சம் மீதி

பிரதி பத்திரமாக இருக்கிற தைரியத்தில் டிஸ்கை ஹப்பில் செருகினோம். 'டிக், டிக்' என்று இரண்டு தடவை முனகிவிட்டுப் போய்விட்டது. சிநேகிதி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

இது வேறு வியாதி. சுழல்கிற டிஸ்க் கிளம்பும்போது அதிக மின்சாரம் கேட்கும். மூன்றாம் பதிப்புத் துளை ஒன்று 900 மில்லி ஆம்பியர் தர வேண்டும் என்பது விதி. ஆனால் ஹப்புக்குத் தனியாக மின்சாரம் இல்லாவிட்டால், லாப்டாப்பிலிருந்து வருகிறதைத்தான் எல்லோருக்கும் பங்கிட வேண்டும். ஒரு பானைச் சோற்றை எத்தனை இலையில் பரிமாறுவது? ஹப்பில் சார்ஜரைச் செருகியதும் டிஸ்க் குறையில்லாமல் சுழன்றது. ஆனால் அதிலும் ஒரு சங்கடம். சார்ஜர் சேரும்போதும் விலகும்போதும் சில ஹப்புகள் ஒரு கணம் கண்ணை மூடித் திறக்கும். அந்தக் கணத்தில் டிஸ்க் அறுந்துவிடும். கரண்ட் போய்ப் போய் வருகிற நாளில் கேட்கவே வேண்டாம். கடைசியில் இப்படி ஏற்பாடு செய்தோம்: டிஸ்க் மட்டும் குட்டையான டைப்-சி ஒயரில் நேராக வலது துளைக்கு, திரை, விசைப்பலகை, மௌஸ், சார்ஜர் எல்லாம் இடது துளை ஹப்பில்.

மௌஸ் தள்ளாடிற்று என்று ஒரு புகார் இருந்தது. டிஸ்க் ஓடும்போது மட்டுமாம். மூன்றாம் பதிப்பு இணைப்புகளிலிருந்து கிளம்பும் இரைச்சல், ஒயரில்லாத மௌஸ் பேசுகிற 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைமீது விழுகிறது. 2012-ல் இன்டெல் நிறுவனமே இதை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. மௌஸின் துண்டை ஒரு முழ நீட்டிப்பு ஒயரில் தள்ளி வைத்தோம். தள்ளாட்டம் போயிற்று. வைஃபை அடிக்கடி அறுகிற வீடுகளிலும் இதைப் பார்க்கலாம்.

இன்னொன்று. இரண்டு விநாடி சும்மா இருந்தால் மௌஸ் தூங்கிவிடுவதும், முதல் தட்டலைக் கவனிக்காததும். யாரோ ஒரு மைத்துனர், 'பவர்டாப்' என்ற கருவியைக் கொண்டு பாட்டரி சேமிப்பு எல்லாவற்றையும் முடுக்கிவிட்டிருந்தார். அதே கருவியில் மௌஸுக்கும் ஹப்புக்கும் மட்டும் சேமிப்பைத் தளர்த்திவிட்டேன். மைத்துனர்கள் நல்ல எண்ணத்துடன்தான் எல்லாம் செய்கிறார்கள்!

கடைசியாக மேஜையை ஜன்னலை விட்டு உள்சுவருக்கு நகர்த்தினோம். டிஸ்கில் உள்ளதற்கு இனி இரண்டு பிரதிகள்: ஒன்று பரணிலிருந்து இறங்கிய அரசாங்க லாப்டாப்பில், மற்றொன்று திங்கட்கிழமை செங்கற்பட்டில் என் வீட்டு அலமாரியில். மொத்தச் செலவு ஆல்கஹால், பிரஷ், நீட்டிப்பு ஒயர், டைப்-சி ஒயர். எழுநூறு ரூபாயைத் தொடவில்லை.

இப்படிப்பட்ட சங்கதிகளைத் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள இடமில்லையா என்று சிநேகிதி கேட்டாள். இருக்கிறது. 2012 முதல் 'கணியம்' என்ற இணைய இதழ் கட்டற்ற மென்பொருள் விஷயங்களை நல்ல தமிழில் எழுதி வருகிறது. காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. 2019-ல் ஜில்லாவைப் பிரித்துவிட்டார்களே தவிர, கேள்வி கேட்கிறவர்களை அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டறைப் பக்கம் போனேன். பெரியவர் தரையில் பலகை போட்டு, பென்ஸிலும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். பதினொன்றில் இரண்டு முடிந்து, மூன்றாவது பாதியில் இருந்தது. பின்னாலேயே வந்த மருமகள், "மாமா, என்னால்தான் இவ்வளவும்..." என்று ஆரம்பித்தாள்.

"அதை விடம்மா" என்றார் அவர், தலை நிமிராமல். "போன வாரம் போட்டதில் துவாரபாலகருடைய இடக்கை எனக்கே பிடிக்கவில்லை. முழங்கையிடம் அரை அங்குலம் அதிகம். கல்லிலே வெட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நீ அந்த விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்து."

அவள் விளக்கை நகர்த்தினாள். ஆறு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.